தானே ஆறும் படலம்

காருக்கும் மேலே ஒரு தோல் போர்த்தலாம் என்று குழல்வாய்மொழிக்கு முதன்முதலில் சொன்னவள் சண்பகவடிவுதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் அதைக் காதோடு விட்டிருப்பாள். சொன்னவள் கணவனின் அண்ணன் மனைவி, மூத்த ஓரகத்தி, முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பொங்கலுக்குப் பொங்கல் சிரித்த முகத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிற எதிரி. "ஏ குழலு, புதுக் காருக்கு மேல என்னமோ ஒட்டுதாங்களாமே, ஃபிலிமோ செராமிக்கோ, எங்க பேரன் சொல்லுதான், அதுல எதையாவது ஒண்ணப் போட்டுட்டுக் குடு. பொறவு மாப்பிள்ள அழைப்புல ஒரு கீறல் விழுந்துச்சு, அரைக் கீறல் விழுந்துச்சுன்னு எங்க தலையில கட்டிராத, ஆமா." சொல்லிவிட்டுத் தொலைபேசியில் அவள் சிரித்த சிரிப்பு குழல்வாய்மொழியின் காதில் இன்னும் இருந்தது, குளித்த பிறகு காதுக்குள் நின்றுவிட்ட தண்ணீரைப் போல. பேத்திக்குக் கல்யாணம். மகனுடைய வியாபாரம் படுத்துவிட்டது, இருந்த காரையும் விற்றாயிற்று, மாப்பிள்ளையை வாடகைக் காரில் அழைத்துவந்தால் சம்பந்தி வீட்டார் மட்டமாக நினைப்பார்கள், அதனால் குழலின் புதுக் கார் வேண்டும். கேட்ட அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னாள்: "டிரைவரப் போட்டுக் கார மட்டும் அனுப்பிரு. நீ நேரா மண்டபத்துக்கு வந்து உள்ள ஒக்காந்துக்கோ. ஆலத்தி எடுக்கையில முன்னால நிக்காண்டாம். சம்பந்தி வீட்டுல ஒரு மாதிரி பாப்பாக. தப்பா எடுத்துக்கிடாத." தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? சங்கரலிங்கம் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவனை இழந்தவள் மாப்பிள்ளைக்கு எதிரே நிற்கக் கூடாது. அவள் ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய கார் நிற்கலாம், அதற்குத் தாலி கேட்பாரில்லை. "தாராளமா எடுத்துக்கோங்கக்கா" என்றாள். அவ்வளவு விரைவில் வந்த சம்மதத்தைக் கேட்டுச் சண்பகவடிவு ஒரு கணம் தயங்கியிருந்தால் அவளுக்கு நல்லதாகப் போயிருக்கும். தயங்கவில்லை. வாங்கிப் பழகிய கை.

இப்போது அவள் தெற்குப் புறவழிச்சாலையில் கார்களுக்கு மெருகேற்றும் ஒரு கடையின் கண்ணாடி அறைக்குள், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் நீளக் கொட்டகையில் பகலிலும் விளக்குகள் எரிந்தன. யாருடையதோ ஒரு வெள்ளைக் கார் மேல் இரண்டு ஆட்கள் குனிந்து எதையோ இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் அவளுடைய அடர்நீலக் கார், கழுவித் துடைக்கப்பட்டு, தலை உலராமல் பரீட்சைக்கு வந்துவிட்ட பிள்ளையைப் போல முறைக்காகக் காத்து நின்றது. ரெபேக்கா என்ற பெண், சமாதானபுரத்துக்காரி, கடையின் பேச்செல்லாம் அவள் பேச்சுத்தான், எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போயிருந்தாள். "ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணி வைங்க டீச்சர். ஃபிலிம்னா நாலு நாள், செராமிக்னா ரெண்டு நாள். கல்யாணம் ஞாயித்துக்கிழமைன்னீங்க. இன்னைக்கு உள்ள ஏத்தினாத்தான் சரியா வரும்." ஃபிலிம் என்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம், கார் முழுவதும் இழுத்துப் போர்த்திவிடுவார்கள், கல் தெறித்தாலும் யாராவது கீறினாலும் அடியைத் தான் வாங்கிக்கொண்டு பெயிண்டைக் காப்பாற்றும். செராமிக் என்பது நீர்ம நிலையில் பூசப்படுவது. காய்ந்தால் கண்ணாடியைப் போல இறுகிக்கொள்ளும். சேறு, பறவை எச்சம், மஞ்சள் தண்ணீர் எதுவும் அதன்மேல் நிற்காமல் உருண்டோடிவிடும், மினுமினுப்புக் கூடும், ஆனால் கீறல் விழுந்தால் விழுந்ததுதான். முதலாவதற்கு எண்பத்தெட்டாயிரம், இரண்டாவதற்கு இருபத்து நான்காயிரம். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டால், பிறருக்கு இது பணத்தைப் பொறுத்தது. அவளுக்கு அப்படியல்ல. அவள் வரும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். செராமிக். கீறலைக் காட்டிக்கொடுக்கிற பூச்சு. எதையாவது ஒண்ணப் போட்டுக் குடு என்று சண்பகவடிவே சொல்லியிருக்கிறாள், போட்டாயிற்று, சொல்லைத் தட்டவில்லை; மாப்பிள்ளை அழைப்பு என்றால் பூச்சரம் கட்டுகிறவன் மோதிரம், வெடி போடுகிறவன் அலட்சியம், பிள்ளைகள், வளையல்கள், தாம்பாளங்கள்; கீறல் விழாமல் போகாது; விழுந்த மறுவாரம் அவள் போய் நிற்பாள், பெயிண்டர் இவ்வளவு கேட்கிறான் அக்கா, என்று. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் காரே வாங்கியதோ என்றுகூடச் சில நாட்களாக அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகம் என்ன, உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். சற்று முன்னால் ரெபேக்கா ஒரு பழைய காரின் முன்மூடியை, பானெட்டைக் காட்டினாள், செயல்விளக்கத்துக்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. ஒரு பாதியில் படலம், மறுபாதியில் செராமிக். "கண்ண மூடிக்கிடாதீங்க டீச்சர், இப்பப் பாருங்க வித்தைய" என்று பித்தளைக் கம்பித் தூரிகையால் படலத்தின்மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். அந்தச் சத்தம். பல்லின் வேரில் போய் முடிகிற அந்தச் சத்தம். இயற்பியல் பாடத்தில் ஒலியைப் பற்றி முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தியிருக்கிறாள். ஒலி ஊடகம் இல்லாமல் பரவாது என்று எத்தனையோ பிள்ளைகளைச் சொல்லவைத்திருக்கிறாள். அது பொய், அந்தச் சத்தத்துக்கு ஊடகம் வேண்டாம், காற்று வேண்டாம், காலம்கூட வேண்டாம், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நாத்தனார் கல்யாணத்து மாலையிலிருந்து நேராக இங்கே வந்துவிடும். டவுனில் மண்டப வாசல். நாதசுரம் கழுத்தை நெரிப்பதுபோல உச்சத்தில் நிற்கிறது. வெள்ளை மாருதி, அந்தத் தெருவுக்கே முதல் மாருதி, சண்பகவடிவின் கணவர், அத்தான், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாதது, மல்லிகைச் சரங்களோடு வந்து நிற்கிறது. ஆலத்தித் தாம்பாளம் அவள் கையில், ஏனென்றால் அப்போது அவளுக்குத் தாலி இருந்தது. மாப்பிள்ளை இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற சண்பகவடிவின் தலையிலிருந்து பூ நழுவித் தோளில் தொங்குகிறது. "ஏட்டி, அத வச்சிட்டு இதச் சொருகிவிடு." "எங்கக்கா வைக்க?" "அந்தா பானெட்டுல வையி, ஒண்ணும் ஆகாது." வைத்தாள். சொன்ன இடத்தில் வைத்தாள். பின்னாலிருந்த கூட்டம் ஒரு நெளிவு நெளிந்தது, அவள் இடுப்பு முட்டியது, தாம்பாளம் அரைவட்டமாக இழுபட்டுச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு கீழே விழுந்தது. வெள்ளையின்மேல் ஒரு பிறை. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்க்க, தான் சொன்ன சொல் காற்றில் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, சண்பகவடிவு திரும்பினாள். "அடுப்படி மேடைன்னு நெனச்சியாட்டி? தமிழ் மீடியத்துல பானெட்டுன்னா என்னன்னு சொல்லிக் குடுக்கலியோ?" சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். கான்வென்டில் ஒன்பதாவது வரை படித்த சண்பகவடிவு தன் ஆங்கிலத்தை அன்று அந்த ஒரு சொல்லில் முழுவதும் செலவழித்தாள். பதில் சொல்லக் குழல்வாய்மொழிக்குத் தெரியாமலில்லை. பதில் மூன்று நாள் கழித்து வகுப்பறையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கையில் வந்தது, மிக நல்ல பதில், வந்தது இன்றுவரை போகவில்லை.

போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள், அன்றோடு முடிந்திருந்தால். பதினைந்து நாள் கழித்துச் சண்பகவடிவு வீட்டுக்கு வந்தாள், காபியைக் குடித்தாள், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பெயிண்டர் ஆயிரத்தெண்ணூத்தைம்பது கேக்கான் குழலு. ஒங்கிட்டக் கேக்காண்டாம்னு அத்தான் சொன்னாக. நான்தான், கணக்குன்னா கணக்கா இருக்கணும்லான்னு சொன்னேன்" என்றாள். கணக்கு. அப்போது அவள் இடைநிலை ஆசிரியை, ஒரு மாதச் சம்பளத்தைவிட அது கூடுதல். சங்கரலிங்கம் தட்டிலிருந்து தலை தூக்காமல், "குடுத்துருவோம்" என்றார். அண்ணன் முன்னால் தலை தூக்காதவர், அண்ணன் பெயரைக் கேட்டாலும் தூக்கமாட்டார். அஞ்சலகத்தில் அவள் ஒரு தொகை சேர்த்துவந்தாள், டி.வி.எஸ். ஐம்பது வாங்குவதற்காக, பேட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேரும்போது முதல் மணி அடித்துவிடுகிறது என்பதற்காக. அதை உடைத்து அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். சண்பகவடிவு மிக்சியை நிறுத்திவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை எண்ணினாள். "இந்த அஞ்சு ரூவா கிழிஞ்சிருக்கே, வேற குடு." வேறு கொடுத்தாள். வாசலில் மாருதி உறைக்குள் நின்றது, தலையிலிருந்து சக்கரம் வரை, கோஷாப் பெண்ணைப் போல. "பெயிண்ட் அடிச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு, தூசி படக் கூடாதுன்னான்" என்று அதற்கும் ஒரு விளக்கம். அதன்பின் எப்போது போனாலும் உறை. பிறகு விற்றுவிட்டார்கள். டி.வி.எஸ். ஐம்பது வாங்கவே இல்லை. முதலில் அந்தத் தொகை மறுபடி சேரவில்லை, சேர்ந்தபோது மாமியாருக்குக் கண் அறுவை, அதன்பின் ஆசை தானாகவே வற்றிவிட்டது. ஓய்வு பெறும் நாள் வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, யாருடைய முழங்கையோ விலாவில் ஊன்ற, இருபத்தேழு ஆண்டுகள். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதெல்லாம் முதல் மணியின் கடைசி அதிர்வு.

செராமிக். தண்ணீர்த் துளி ஒரு பரப்பின்மேல் எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்று ஒரு கணக்கு உண்டு, சேர்கோணம் என்று பெயர், பாடத்திட்டத்தில் அதற்கு இரண்டு மதிப்பெண். கோணம் கூடக் கூடத் துளி உருண்டையாகும், உருண்டையானால் ஒட்டாது. சண்பகவடிவுக்கு அந்தக் கோணம் கூடுதல். எதுவும் அவள்மேல் நின்றதில்லை. தான் சொன்னது, தான் வாங்கியது, தான் சிரித்தது எல்லாம் உருண்டு கீழே போய்விடும், முகம் பளபளவென்று நிற்கும். தனக்கு? தனக்கும் செராமிக்தான், ஆனால் மறுபக்கம். விழுந்த கீறல் விழுந்தபடியே. அவர்தான் படலம். சங்கரலிங்கம். எத்தனை இழுப்பு இழுத்தாலும் காலையில் வெயிலில் போய் நின்றுவிட்டு வருவார், எல்லாம் ஆறிப்போயிருக்கும், "விடு குழலு, அவ அப்படித்தான்" என்பார். தூரிகையால் கீறிய இடத்தில் ரெபேக்கா பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றியபோது கீறல்கள் ஒவ்வொன்றாக மங்கி, கூசி, காணாமல் போனதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது அவர் முகம்தான். "தானே ஆறிரும் டீச்சர். நம்ம ஊரு வெயிலுக்கு வெந்நிகூட வேண்டாம். ஆழமாக் கீறுனா அந்த இடத்த மட்டும் உரிச்சுட்டு வேற ஒட்டலாம், அடியில பெயிண்ட் பச்சப்பிள்ள மாதிரி இருக்கும்." தானே ஆறிவிடுமாம். யாரைக் கேட்டு ஆறுகிறது? கீறியவன் இன்னும் பக்கத்தில் நிற்கிறான், தூரிகைகூடக் கையில்தான் இருக்கிறது, அதற்குள் ஆறிவிட்டால் அப்புறம் யாரிடம் எதைக் காட்டுவது? அவள் அன்று இரவெல்லாம் விழித்திருக்க, பக்கத்தில் ஒருவர் ஆறிப்போய் மூச்சுவிட்டுக்கொண்டு தூங்கினாரே, அந்தக் கோபம் அவரை எரித்த பிறகும் எரியாமல் மிஞ்சியிருக்கிறது. வேண்டாம். படலம் வேண்டாம்.

ஆனால் கீறல் விழாவிட்டால்? இந்தக் கேள்வி இரண்டு நாளாக அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஈயை விரட்டுவதுபோல விரட்டினாள், விரட்டிய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. பூக்காரன் கவனமானவனாக இருந்துவிட்டால்? கூட்டம் நெளியாமல் நின்றுவிட்டால்? கார் போனபடியே திரும்பி வந்து வாசலில் நின்றால், சாவியைக் கொடுத்துவிட்டு அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனால், நன்றியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? நேற்றுக் கதவைத் தாழிட்ட பிறகு மறுபடி திறந்து காரின் அருகே போய் நின்றாள். சாவிக்கொத்து கையில் இருந்தது. மாமரத்து நிழல் பானெட்டின்மேல் அசைந்தது. ஒரு பிறை, இவ்வளவு பெரிது, கல்யாணத்தின் மறுநாள், யாருக்குத் தெரியும். சாவியின் முனை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எழுதுகோலைப் போலத் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தவள், தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உள்ளே வந்து நெடுநேரம் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தாள். தன் காரை. அறுபத்தொரு வயதில், பயிற்சிப் பள்ளியில் பேரன் வயதுப் பையன்களுக்கு நடுவே, எட்டுப் போடத் தெரியாமல் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஆய்வாளரே இறங்கி வந்து "டீச்சர், பாஸ்" என்று சொன்ன பிறகு, நான்கு ஆண்டுகள் மற்றவர் கார்களைப் பார்த்துப் பார்த்து வாங்கிய கார். தாமிரபரணிப் பாலத்தின்மேல் முதன்முதலில் தனியாக ஓட்டிப்போன காலையில் பக்கத்தில் ஒரு பேருந்து வந்தது, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒரு பெண், தோளில் பை, அவளை இவள் பார்த்தாள், அவளும் இவளைப் பார்த்தாள். அந்தக் காரின் தோலைத் தானே கிழிக்கத் துணிந்த கை இதுதான், இப்போது மடியில் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் அறியாததுபோல.

கதவு திறந்து வெக்கை உள்ளே வந்தது, கூடவே ரெபேக்கா. "அந்த வெள்ளக் கார முடிச்சிட்டாங்க டீச்சர். எத ஏத்தச் சொல்ல?" அவள் வாயைத் திறந்தாள். செராமிக் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துப் பைக்குள் தொலைபேசி அடித்தது, திரையில் அக்கா என்று வந்தது. "எடுங்க, நான் நிக்கேன்" என்றாள் ரெபேக்கா. "ஏ குழலு, எங்கட்டி இருக்க?" "கார்க் கடையிலக்கா." "போட்டாச்சா?" "எதப் போடன்னு யோசிச்சிட்டிருக்கேன்." "இதுல என்ன யோசன? ஒங்க அத்தான் இங்க ஒக்காந்து தன்னால சிரிச்சிட்டிருக்காக. குழலுக்குக் காருன்னதும் நம்ம பழைய மாருதி ஞாவகம் வந்துட்டாம். நீ தாம்பாளத்தப் போட்டு இழுத்தியே! நாரோயில்காரன் ஒருத்தன் வெலைக்கு வந்தாம்லா, பானெட்டுல இது என்ன பிறை மாதிரி இருக்குன்னு கேக்கான். அத்தான் சொல்லுதாக, வே, அது நெல்லையப்பர் சடையில இருந்து விழுந்தது, வண்டிக்கே ராசின்னு! அவன் சிரிச்சிட்டு, சரி, ராசிக்கு முந்நூறு ரூவா கழிச்சுக்கிடுதேன்னு..." சண்பகவடிவு இருமலும் சிரிப்புமாக மூச்சுத் திணறினாள். சுவரிலிருந்த ஏ.சி. ஒரு சொட்டுத் தண்ணீரை வாளிக்குள் போட்டது. இன்னொரு சொட்டு. குழல்வாய்மொழி மெதுவாக, வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையிடம் மட்டும் பயன்படுத்துகிற மென்மையோடு கேட்டாள். "வித்தப்போ கீறல் இருந்துச்சாக்கா?" "இருக்காம எங்க போகும்?" "பெயிண்ட் அடிக்கலியா?" "எங்க அடிச்சோம், ஒரு கவர வாங்கி..." அங்கே நின்றது. சிரிப்பு நின்ற இடத்தில் கல்யாண வீட்டின் பாத்திரச் சத்தம் கேட்டது, யாரோ வாழைத்தார் எங்கே என்று கேட்டார்கள். "அது என்ன, அப்ப நேரமில்ல, பெயிண்டரும் வரல, அப்படியே விட்டாச்சு. அதுக்கு இப்ப என்னட்டி?"

உறை. அந்த உறை. தூசிக்காக அல்ல. அவள் கண்ணுக்காக. முப்பத்து மூன்று ஆண்டுகளாகத் தான் அழித்துவிட்டதாகக் கூலி கொடுத்த கீறல் அதன் அடியில் சுகமாக உயிரோடு இருந்து, நாகர்கோவிலுக்குப் போய், எவனோ ஒருவனுடைய வீட்டு வாசலில் மழையில் நனைந்து, துருப்பிடித்து, இந்நேரம் இரும்புக்கடையில் நசுங்கியிருக்கும். அதுவரை அது அவளுடையதாகவே இருந்திருக்கிறது, விலை கொடுத்தவள் அவள். மிக்சியை நிறுத்தி, ஈரக்கையைத் துடைத்து, இரண்டு தடவை எண்ணி, கிழிந்த நோட்டை மாற்றி வாங்கியதெல்லாம் இல்லாத ஒரு பெயிண்டருக்காக. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, விடைத்தாளில் பிழை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நெடுநேரம் திணறிய பின் கண்டுபிடித்துவிட்டால் ஒரு குளிர்ச்சி வருமே, அது வந்தது. எழுந்து நின்றாள். இறைவணக்கக் கூட்டத்தில் எண்ணூறு பிள்ளைகளை ஒலிபெருக்கி இல்லாமல் நிறுத்திய குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது. "அக்கா, உங்க நட்டம் முந்நூறு. தாம்பாளத்த வச்ச கை என் கை, அதனால அந்த முந்நூறு என்னோடது. ஆயிரத்தெண்ணூத்தைம்பதுல அதக் கழிச்சிட்டு மிச்சம் ஆயிரத்தைந்நூத்தைம்பது. இன்னைக்கே அனுப்பிருங்க." "என்னது? ஏட்டி, கல்யாண வீட்டுல வச்சு என்ன பேச்சு இது? எந்தக் காலத்துக் காசு!" "கணக்குன்னா கணக்கா இருக்கணும்க்கா. நீங்க சொன்னதுதான்." "இனிமே வட்டியுங் கேப்ப போலிருக்கே!" "வட்டி கடனுக்குத்தான்க்கா கேப்பாங்க." ரெபேக்கா தலையைக் குனிந்துகொண்டு மேசைமேல் இல்லாத தூசியைத் தட்டினாள். மறுமுனையில் மூச்சு வாங்கியது. "அப்ப காசு வராட்டாக் கார் வராதாக்கும்? அத நேரா சொல்லு." "கார் வரும். காசு வந்தாலும் வரும், வராட்டாலும் வரும். ஆனா டிரைவர் போடல. நான்தான் ஓட்டிட்டு வாரேன்." "நீயா? ஏட்டி, மாப்பிள்ளைக்கு முன்னாலயா..." "மாப்பிள்ள பின் சீட்டுலக்கா. ஓட்டுதவ முன்னாலதான் ஒக்காரணும். கார அப்படித்தான் செஞ்சிருக்காங்க." வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியாது. மாப்பிள்ளை வீட்டுக்குக் காரின் படம் முந்தாநாளே போயாயிற்று, பேரன் பெருமையாகச் சொன்னான்.

"ரெபேக்கா, ஃபிலிம் போடும்மா." "முன்பக்கம் மட்டுமா டீச்சர்?" "முழுசுக்கும்." "செராமிக்னு சொல்ல வந்தீங்களோன்னு நெனச்சேன்." "வந்தேன்." ரெபேக்கா சிரித்தாள். "ஒண்ணே ஒண்ணு டீச்சர், ஆலத்தித் தண்ணி பட்டா உடனே தொடச்சிரணும். மஞ்சள் ஃபிலிம்ல கறையாப் பிடிச்சிரும்." "தெரியும். துணி வச்சிருப்பேன். அந்த பிளாஸ்க் எங்க வாங்கினீங்க?" கேட்டவள் காரணத்தைச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அடர்நீலக் கார் மெல்ல உருண்டு விளக்குகளின் அடியில் போய் நின்றது, ஆட்கள் படலச் சுருளைப் பிரித்தார்கள், அது தண்ணீரைப் போல இறங்கிப் பானெட்டின்மேல் படிந்தது. அவள் நின்றபடியே ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தாள். மண்டப வாசல். நாதசுரம். முன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், இரண்டு கையும் சக்கரத்தின்மேல், மல்லிகைச் சரங்களுக்கு நடுவே முகம் நன்றாகத் தெரிய. அந்தப் பக்கம் சண்பகவடிவு, பட்டுச்சேலை, கையில் தாம்பாளம், மாப்பிள்ளையைச் சுற்ற வேண்டுமானால் காரைச் சுற்ற வேண்டும், காரைச் சுற்றினால் அந்தச் சுற்றுக்குள் இவளும் இருப்பாள், வேறு வழியில்லை, சுற்றித்தான் ஆக வேண்டும், மூன்று முறை, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்க்க. சுற்றி முடித்ததும் கதவைத் திறந்து இறங்குவாள். "குடுங்கக்கா, கை வலிக்கும்." வாங்கித் துணியால் அடியைத் துடைத்து, பானெட்டின்மேல், நடுவில், சத்தம் கேட்கும்படி வைப்பாள். வைத்து இழுப்பாள். அரைவட்டம், அதே அளவு; கைக்கு அந்த அளவு தெரியும், மறந்ததேயில்லை. யாராவது ஐயையோ என்பார்கள். சண்பகவடிவின் முகத்தில் அந்த மினுமினுப்பு முதல்முறையாக ஓரிடத்தில் மங்கும். பிறகு பிளாஸ்கைத் திறந்து வெந்நீர். பிறை தேயும், கரையும், போய்விடும். "பாத்தீங்களா, தானே ஆறிருச்சு. என் காருக்குப் பெயிண்டர் வேண்டாம்க்கா." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். படலம் என்றால் பொறுமை என்று இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பிழை. பொறுத்துக்கொண்டது அவர், இது அவரல்ல, எண்பத்தெட்டாயிரம் கொடுத்தால் தாம்பாளத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிற உரிமை இது, அவள் போர்த்திக்கொள்ளப் போவது அதைத்தான். பேத்தி பாவம், குழலாச்சி குழலாச்சி என்று காலைக் கட்டிக்கொண்டு வளர்ந்த பிள்ளை. அவள் உள்ளே மணவறையில் இருப்பாள், வாசலைப் பார்க்கமாட்டாள். அது ஒன்றுதான் அவளை ஒரு கணம் உறுத்தியது, உறுத்தியதும் போய்விட்டது, வெயில் பட்டதைப் போல.

முன்பணத்தைக் கட்டிவிட்டு ஆட்டோவுக்காக வாசலுக்கு வந்தபோது தொலைபேசி சிணுங்கியது. பேரன் அனுப்பியிருந்தான், "ஆச்சி அனுப்பச் சொன்னாங்க, சித்தாச்சி" என்ற ஒரு வரியோடு, இரண்டாயிரம் ரூபாய். முழு எண்ணாக. மிச்சத்தை வைத்துக்கொள் என்பதுபோல. சாலையில் ஒரு பேருந்து கம்பியில் தொங்கும் கைகளோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அவள் புருவம் லேசாக உயர்ந்தது, ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்ட விடைத்தாளைப் பார்த்தாற்போல. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிழலில் ஒதுங்கி நின்று, எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, நானூற்றைம்பதைத் திருப்பி அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று வந்த பிறகும் கணக்கைத் திறந்து ஒரு தடவை பார்த்தாள், பிறகு இன்னொரு தடவை. இரண்டு தடவையும் சரியாக இருந்தது. சண்பகவடிவிடமிருந்து வந்து அவள் கணக்கில் நின்றது ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.